மணல் துளைகள்

எனக்கு யார் மேல் கோபம் வந்தாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். "உனக்கு ரோசம் எண்டது மருந்துக்கும் இல்லை" என்று அம்மா அதை ஒரு குறையாகவே சொல்லுவார். ஒரே ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் அது ஆறவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கோபத்தை வைத்திருந்தேன். அது கேட்டதையெல்லாம் செய்தும் கொடுத்தேன். எல்லாம் எகிப்தில் ஒரு கல்லறையிலிருந்து வந்த பழைய தோல் சப்பாத்துகளால் வந்தது.

நான் சப்பாத்துச் செய்பவள். பத்து வயதில் அம்மாவோடு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து, கடைசியில் கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தேன். பள்ளி முடிந்ததும், கால் வருத்தக்காரருக்கு அளவெடுத்துச் சப்பாத்துச் செய்யும் தொழிலில் அவுஸ்பில்டுங் கிடைத்தது. மூன்றரை வருடப் பயிற்சி. சொந்தக்காரர் கேட்டால் "பிள்ளை மருத்துவப் பக்கம் படிக்கிறாள்" என்று அம்மா சொல்லிவிடுவார். செருப்பு என்ற சொல் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் ஒருநாளும் உச்சரிக்கப்பட்டதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தோலின் மணம் பிடித்திருந்தது. ஒரு காலைப் பார்த்ததும் அந்த மனிதர் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்று சொல்ல முடிவது அதைவிடப் பிடித்திருந்தது.

உலகக் கிண்ணக் கால்பந்து ஜெர்மனியில் நடப்பதற்கு முந்திய வருடம். நான் பான் நகரில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். குட்டை முடி வைத்த, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன் பெண்மணி ஒருவர் தன் சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தைத்தாள் வாங்க வந்தவர், நான் வேலை செய்யும் மேசைக்கு அருகில் வந்து நின்றார்.

"உங்களுக்குச் சப்பாத்தை உட்புறம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு புரட்டத் தெரியுமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஒரு தடவை செய்திருக்கிறேன். பரீட்சைக்கு" என்றேன்.

அவர் அருகிலிருந்த ஓர் அருங்காட்சியகத்தில் பழைய துணிகளையும் தோலையும் பேணும் பகுதிக்குப் பொறுப்பாளர். அவர்களிடம் கொப்டிக் காலத்துச் சப்பாத்துகள் சில இருந்தன. கொப்டிக் என்றால் எகிப்தின் பழைய கிறித்தவர்கள். அந்தச் சப்பாத்துகளைத் தொட முடியாது. தொட்டால் உதிரும். ஈரம் பட்டால் பசையாகிவிடும். பார்க்க வருகிறவர்கள் கையில் எடுத்தும் காலில் போட்டும் பார்க்க அதே முறையில் செய்த நகல்கள் வேண்டும் என்றார். என் முதலாளி வெள்ளிக்கிழமைகளில் என்னை விட்டுக்கொடுத்தார்.

அங்கேதான் அவரைச் சந்தித்தேன். தமிழ்நாட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். பழந்தோலில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் அங்கே ஆய்வாளராக இருந்தார். நான் அவரை டொக்டர் என்றே கூப்பிட்டேன்.

"நீங்க தமிழா? சூப்பர்ங்க! லேப்ல தமிழ் பேசி எட்டு மாசம் ஆச்சு."

"ஓம், தமிழ்தான். யாழ்ப்பாணம்."

"அய்யோ, உங்க தமிழ் கேக்கவே க்யூட்டா இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க, ஓம்."

நான் சொல்லவில்லை. ஆனால் சிரித்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், நான் கொண்டுபோன இடியப்பத்தைப் பார்த்தபடி அவர் மெதுவாகக் கேட்டார்: "ஊர்ல அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்? இதே லைன் தானா?"

"இல்லை. அப்பா தபால் கந்தோரிலை வேலை செய்தவர்."

"ஓ, அப்படியா!" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். அதன் பிறகுதான் இடியப்பத்தில் கை வைத்தார். பிறகு கணக்குப் பார்த்தபோது அதையும் சேர்த்துக்கொண்டேன்.

முதல் சப்பாத்தை வெள்ளைப் பஞ்சுமெத்தை வைத்த பெட்டியில் பொறுப்பாளர் கொண்டுவந்து வைத்தார். பெண் ஒருத்தியின் சப்பாத்து. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். மடிப்புகளுக்குள் இன்னும் சிவப்பு இருந்தது, மற்ற இடமெல்லாம் காய்ந்த பேரீச்சம்பழ நிறம். விரல்களுக்கு மேலே முக்கோணமாக ஒரு தோல்துண்டு, அதில் பொன்பூச்சு. குதிகால் பக்கம் கொஞ்சம் நசிந்திருந்தது. பல் வைத்தியர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியும் சிறு விளக்கும் தந்தார்கள். நான் குனிந்து கண்ணாடியைச் சப்பாத்தின் வாய்க்குள் காட்டினேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அடித்தோலும் மேல்தோலும் சேரும் இடத்தில் ஒரு நூல்கூடத் தெரியாது. உள்ளேதான் எல்லாம் இருந்தது. தையலின் ஓரங்கள் இரண்டும் உள்ளே மடிந்து கிடந்தன. செய்தவர் குத்தூசியை அடித்தோலின் முழுக்கனத்துக்கும் விடவில்லை. பாதிக்கனத்தில் நுழைத்து ஓரத்தால் வெளியே எடுத்திருக்கிறார். அதனால் தரையில் தேயும் பக்கத்தில் நூல் கிடையாது. நூல் தேயாவிட்டால் சப்பாத்துப் பிரியாது. பொன்முக்கோணத்தைத் தைத்த நூலின் முடிச்சு, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. ஆகவே உள்தோல் ஒட்டுவதற்கு முன்பே, தோல் தட்டையாகப் பலகையில் கிடக்கும்போதே அலங்காரம் முடிந்துவிட்டது. குதியில் இருந்த கடைசி நாலு தையல் மற்றவற்றைவிட நெருக்கமாக இருந்தன. அங்கேதான் சுற்றி வந்து முடித்திருக்கிறார். இழுவையைத் தாங்க வேண்டிய இடமும் அதுதான்.

நான் பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, டொக்டர் எழுதினார். "வெயிட், வெயிட், ஒரு நிமிஷம். பாதிக்கனமா? எப்படித் தெரியுது?" என்று கேட்டார். எப்படித் தெரிகிறது என்று காட்டினேன். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று வரிசைப்படுத்தி, பட்டறைத் தாளில் பென்சிலால் படங்கள் போட்டு, ஜெர்மனில் குறிப்பெழுதிக் கொடுத்தேன். ஒன்பது தாள். தோலை எதில் பதனிட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. "நம்ம ஊர் கருவேலங்காய் இருக்கில்ல, அதே குடும்பத்து மரம்" என்று டொக்டர்தான் சொன்னார். அது அவருடையது. அதை அவருடையது என்றே எழுதுகிறேன்.

நகலைப் புரட்டிய நாள் நல்ல நாள். உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து முடித்த சப்பாத்து, பார்க்க அசிங்கமாக, ஒரு தோற்பொதி மாதிரி இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்து, தோல் முழுதும் தண்ணீர் குடித்து மெத்தென்று வந்த பிறகு, குதியிலிருந்து தொடங்கிப் பெருவிரலால் உள்ளே தள்ள வேண்டும். தலையணை உறையைப் புரட்டுவது போலத்தான். ஆனால் இந்த உறைக்கு அடித்தோல் இருக்கிறது, அது வளைய மறுக்கும். முன்பக்கம் வரும்போது மொட்டைக் கம்பு ஒன்றை உள்ளே விட்டு விரல்முனையை வெளியே தள்ளினேன். ஒரு சின்னச் சத்தத்தோடு சிவப்புத் தோலும் பொன்முக்கோணமும் வெளியே வந்தன. பொறுப்பாளர் கைதட்டினார். டொக்டர் "செம!" என்று கத்தினார். அன்று எனக்கு அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு சிறிய காட்சி வைத்தார்கள். அதோடு ஒரு கையேடும் அச்சாகியிருந்தது. திறப்பு நாளில் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினேன். "ஒரு கொப்டிக் சப்பாத்தின் உருவாக்கம்" என்று டொக்டரின் கட்டுரை. என் ஒன்பது தாளும் அதில் இருந்தன. படங்களை யாரோ அழகாகத் திருப்பி வரைந்திருந்தார்கள். நான் சொன்ன வாக்கியங்கள் "நான் கண்டறிந்தேன்" என்று தொடங்கின. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில் நாலைந்து பேராசிரியர்கள், ஒரு புகைப்படக்காரர், டொக்டரின் மனைவி. அதற்குக் கீழே ஒரு வரி: சில எடுபிடி உதவிகளுக்காக உள்ளூர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவருக்கு நன்றி.

ஜெர்மனில் ஒரு தொழிலைச் சொல்லும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட வேண்டும். அவர் ஆண்பாலில் எழுதியிருந்தார். பெயர் போகட்டும், நான் பெண் என்பதைக்கூட எழுதவில்லை.

அவர் ஒரு கையில் கண்ணாடிக் கோப்பையோடு நின்றிருந்தார். அருகில் போய், அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "டொக்டர், இது ஆர்?"

அவர் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "அது வந்து... அகாடமிக் ரைட்டிங்ல ஒரு ஃபார்மட் இருக்குங்க. அப்படித்தான் எழுதணும். பெர்சனலா எடுத்துக்காதீங்க."

"எடுபிடி எண்டு எழுத வேணும் எண்டதும் ஃபார்மட்டோ?"

"அய்யோ, அது ஜெர்மன்ல நார்மல் வேர்டு தான். நீங்க வேற!" என்று சிரித்துவிட்டு, யாரோ ஒருவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போய்விட்டார்.

பொறுப்பாளரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அப்போது, தமிழர்கள் இரண்டு பேர் சண்டை பிடிப்பதை ஜெர்மன்காரிக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் டிராமில் அந்த வரியை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். இரண்டு நாள் போனது. இரண்டு கிழமை போனது. கோபம் ஆறவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கோடையில் மீண்டும் கூப்பிட்டார்கள். இலையுதிர் காலத்தில் பெரிய காட்சி, பெரிய புத்தகம். இரண்டாவது சப்பாத்துக்கும் நகல் வேண்டும். போனேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

இரண்டாவது சப்பாத்து ஓர் ஆணுடையது. கனமான அடித்தோல். அந்த அடித்தோலின் நடுக்கோட்டில் மூன்று துளைகள் இருந்தன. விரல்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, குதியில் ஒன்று. எந்தத் தையலோடும் அவற்றுக்குச் சம்பந்தமில்லை.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் சப்பாத்து மடியில் வைத்துத் தைத்தது. இது கட்டையில் தைத்தது. கால் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் அடித்தோலைக் கவிழ்த்து வைத்து, அது நகராமல் இருக்க மூன்று மரமுளைகளை அடித்துவிட்டு, பிறகு மேல்தோலை இழுத்துச் சுற்றித் தைப்பார்கள். தைத்து முடிந்ததும் முளைகளைப் பிடுங்கிக் கட்டையை எடுத்து, சப்பாத்தைப் புரட்டுவார்கள். முளைகள் போய்விடும், துளைகள் நிற்கும். என் பட்டறையில் இன்றும் அப்படித்தான் செய்கிறோம். மரமுளைக்குப் பதில் சின்ன ஆணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்த ஹோல்ஸ் என்னன்னு தெரியுதா?" என்று டொக்டர் கேட்டார். குறிப்புப் புத்தகம் ஏற்கனவே திறந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தப் பேனாவைப் பார்த்ததும் வந்தது.

"பாலைவனத்திலை நடக்கிற ஆக்கள் எல்லோ, டொக்டர். சப்பாத்துக்குள்ளை மண் போகும். கழட்டிக் கழட்டித் தட்ட ஏலுமே? அந்த மண் தானாய் வெளியிலை போறதுக்குத்தான் இந்த ஓட்டை."

அவர் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"பிரில்லியண்ட்!" என்றார். "சிம்பிள், எலிகண்ட். எனக்கு ஏன் தோணல?" எழுதத் தொடங்கினார்.

சப்பாத்துச் செய்கிற எவரும் அதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். அடியில் ஓட்டை இருந்தால் மண் உள்ளேதான் வரும். அவர் பெரிய மண்டபத்தில் அறிஞர்களுக்கு முன்னால் இதைச் சொல்லும் நாளை நினைத்தபடி அந்தக் கோடை முழுதும் சந்தோஷமாக வேலை செய்தேன். யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். அவர் விழிப்பார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த நாள் வந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் மூன்று துளைகளும் கார்ச்சில்லு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. அவர் மணலைப் பற்றிச் சொன்னார். அழகாகவே சொன்னார். மடத்துத் துறவி ஒருவர் வெயிலில் நடப்பதையும், ஒவ்வோர் அடிக்கும் மணல் துளைகளால் சொரிவதையும் கண்முன் கொண்டுவந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் இருந்தவர்கள் பழைய நெசவு தெரிந்தவர்கள், பழைய எழுத்து தெரிந்தவர்கள், பழைய ஓவியம் தெரிந்தவர்கள். சப்பாத்துத் தைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் கைதட்டினார்கள். பொறுப்பாளர் எழுந்து நின்று தட்டினார்.

அதற்குப் பிறகு அது வளர்ந்துகொண்டே போனது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் "மணல் துளைகள்" என்று தனியாக ஓர் அறிவிப்பு வைத்தார்கள். ஊர்ப் பத்திரிகையில் அவருடைய படம் வந்தது. பள்ளிகளுக்கு அனுப்பிய துண்டுத்தாளில், துளையிலிருந்து மணல் சொரிய ஒரு துறவி நடந்துபோகும் சித்திரம். பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் அந்தச் சப்பாத்தைத்தான் தேடினார்கள். பழிவாங்க என்று நான் கொடுத்த பொய்யை வைத்து அவர் ஊருக்குள் பெரிய ஆளாகிவிட்டார். இப்போது முன்பைவிட இரண்டு மடங்கு கோபம் எனக்கு. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

பட்டறையில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் கோடைச் செருப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அடுத்த கோடையில் வட கடல் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறேன். அருங்காட்சியகத்தில் பார்த்தேனே, அந்த மாதிரி இதற்கும் மூன்று மணல் துளை போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், பொழுதைப் போக்க வந்தவரல்ல. "மணல் உள்ளே வரும், ஐயா" என்றேன்.

"அப்படியா? எகிப்தியர்கள் முட்டாள்களா?" என்று சிரித்தார்.

அன்றுதான் முடிவெடுத்தேன். அந்த மரமுளை அடித்தவர் முட்டாள் இல்லை. அவரை முட்டாளாக்கியது நான். ஆனால் நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை. அதைத் திருத்த வேண்டும் என்பது கால்வாசி. டொக்டர் எல்லோருக்கும் முன்னால் விழ வேண்டும் என்பது முக்கால்வாசி.

நவம்பரில் அருங்காட்சியகத்தில், யாரும் வந்து பார்க்கலாம் என்ற ஒரு திறந்த நாள் வந்தது. நான் எல்லோருக்கும் முன்னால் ஒரு சப்பாத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும், டொக்டர் ஒலிவாங்கியில் விளக்கம் சொல்லுவார் என்று ஏற்பாடு. அதற்காக என் கால் அளவில் இரண்டு சப்பாத்துச் செய்தேன். வலக்காலுக்கு மூன்று துளையோடு, இடக்காலுக்குத் துளையில்லாமல். சுப்பர் மார்க்கெட்டில் கிளிக்கூண்டுக்குப் போடும் மணல் ஒரு பை வாங்கினேன். சமையலறை அவணிலிருந்து கேக் சுடும் பெரிய தட்டை எடுத்து, மணலைக் கொட்டி நடந்து பார்த்தேன். மணல் உள்ளே வந்தது. ஆனால் கொஞ்சம்தான், ஒரு சிட்டிகை. அது எனக்குப் போதவில்லை. குத்தூசியை எடுத்து மூன்று துளைகளையும் மூலத்தில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக்கினேன். மறுபடி நடந்தேன். இப்போது சரியாக இருந்தது.

திறந்த நாளன்று மழை. அதனாலோ என்னவோ நல்ல கூட்டம். குடும்பங்கள், பல்கலைக்கழக மாணவர்கள், நாலைந்து பேராசிரியர்கள். நான் சப்பாத்தைப் புரட்டினேன், கைதட்டினார்கள். டொக்டர் அடுத்து மணல் துளைகளுக்கு வந்தார். ஒவ்வோர் அடிக்கும் மணல் எப்படிச் சொரியும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். நான் மேசைக்கடியிலிருந்து தட்டை எடுத்துத் தரையில் வைத்து, மணலைக் கொட்டினேன். என் சொந்தச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த இரண்டையும் போட்டுக்கொண்டு தட்டில் ஏறினேன்.

டொக்டர் பேச்சை நிறுத்தினார். "ஆ, இது திட்டத்தில் இல்லை, ஆனால் அருமை!" என்று ஜெர்மனில் சொன்னார். நான் ஏதோ அவருக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தார்.

மணலில் இருபது தரம் நின்ற இடத்திலேயே நடந்தேன். இறங்கி, மேசையில் விரித்த வெள்ளைத் தாளில் இடக்கால் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. பிறகு மூன்று துளைகள் இருந்த வலக்கால் சப்பாத்தைக் கவிழ்த்தேன். மணல் சர்ரென்று கொட்டிக் குவிந்தது. ஒரு சின்னப் பெண், "உள்ளேதானே வந்தது!" என்றாள். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் நீண்ட சிரிப்பு. நான் அதற்குள் மரக்கட்டையை எடுத்து, அடித்தோலை வைத்து, மூன்று முளைகளை அடித்துக் காட்டி, பிடுங்கியும் காட்டினேன். துளைகள் எதற்கு என்று ஜெர்மனில் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். பேராசிரியர் ஒருவர் "அட, எவ்வளவு தெளிவு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. டொக்டருக்கும் கேட்டது.

பொறுப்பாளர் முன்னுக்கு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அப்படியானால் மணல் விளக்கம் எங்கிருந்து வந்தது?" என்று டொக்டரைப் பார்த்துக் கேட்டார்.

அவர் என்னைக் கைகாட்டினார். "இவர் சொன்னது. முழுக்க இவருடைய கருத்து."

ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னிடமிருந்து ஒன்றை எடுத்ததாக எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நான் அமைதியாக ஜெர்மனில் பதில் சொன்னேன்: "நான் எடுபிடி வேலைதான் செய்தேன். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

பின்னால் நின்ற சில பேர் மீண்டும் சிரித்தார்கள். டொக்டர் மேசையைச் சுற்றி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில் கேட்டார்: "நீங்கதானே சொன்னீங்க? வேணும்னே பண்ணீங்களா?"

"ஓம்" என்றேன். "வேணுமெண்டுதான் சொன்னனான். பொய் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். ஆரிட்டை வேணுமெண்டாலும் போய்ச் சொல்லுங்கோ."

அறுபது பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் இருந்த சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. அவருடைய கழுத்தில் ஒரு நரம்பு துடித்ததைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகம் படிக்கத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "மணல் கதையை நீங்கள்தான் அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். ஏன் என்று கேட்டார். கையேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். ஒன்பது தாள்களைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

"இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

"ஆம்."

"அறிவிப்பில் கையெழுத்துப் போட்டது நான். பள்ளிகளுக்கெல்லாம் கடிதம் எழுதப் போவதும் நான்."

துளைகளைப் பெரிதாக்கியதையும் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அவர் ஒரு தண்டனை கொடுத்தார், ஆனால் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. திருத்தச் சீட்டுகள் அச்சுக்குப் போயிருந்தன. பெரிய புத்தகத்தின் விற்காத பிரதிகள் எல்லாவற்றிலும் அவற்றை வைக்க வேண்டும், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். போனேன். ஜன்னலில்லாத களஞ்சிய அறையில் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, மணல் துளைப் பக்கத்தைத் தேடி, சீட்டை வைத்து மூடினேன். துளைகள் மரமுளைகளின் தடம் என்று சீட்டில் மூன்று வரி. யார் சொன்னது என்று இல்லை. எதிர்ப்பக்கத்தில் அதே நன்றிப் பத்தி. கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து அச்சிட்டிருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் நூறு தடவைக்கு மேல் அந்த ஆண்பால் செருப்புத் தைப்பவரைச் சந்தித்தேன். ஒரு பிரதியில் மட்டும், அவரை அடித்துவிட்டு, பேனாவால் என் முழுப் பெயரையும் எழுதி, பெட்டியின் நடுவில் செருகினேன். அது யார் கைக்குப் போனது என்று தெரியாது.

அதற்குப் பிறகு பொறுப்பாளர் என்னைக் கூப்பிடவில்லை. தன் மெத்தைத்தாளை வேறு பட்டறையில் செய்துகொண்டார். அந்த முழு விவகாரத்திலும் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

டொக்டரை ஒரே ஒரு தடவை பிறகு பார்த்தேன். அடுத்த வருடம் மார்ச் மாதம், பான் ரயில் நிலையத்தில், இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்றிருந்தார். கெல்சென்கிர்ச்சனுக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறவள் நான். அவர்தான் முதலில் பேசினார்.

"காண்ட்ராக்ட் ரென்யூ பண்ணல. ஊருக்குப் போறேன். சந்தோஷமா?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல. ஒப்பந்தம் முடிந்தது என்னாலா, எப்படியும் முடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. என்னால்தான் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

"ஒண்டு கேக்கிறன் டொக்டர். என்ரை பேரைப் போட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

"உங்க பேரைப் போட்டிருந்தா, அப்ப நீ என்னப்பா பண்ணினேன்னு கேட்டிருப்பாங்க" என்றார். "நான் அங்க அடுத்த வருஷமும் இருக்கணும்னா ஏதாவது கண்டுபிடிச்சே ஆகணும். ஒண்ணும் கண்டுபிடிக்கல. நீங்க வெள்ளிக்கிழமை வர்ற வரைக்கும் நான் அந்த ஷூவ அஞ்சு மாசமா பாத்துட்டே இருந்தேன்."

அவர் உண்மைதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த ஐந்து மாதங்களை என்னால் கற்பனை செய்ய முடிந்தது. பெட்டியைத் திறப்பது, பார்ப்பது, மூடுவது. பரவாயில்லை டொக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

என் ரயில் வந்தது. அவருடைய பெட்டிகளில் ஒன்று கதவுக்குக் குறுக்கே நின்றது. அவர் அதை இழுத்து வழிவிட்டார். நான் ஏறி, அவர் நின்ற பக்கம் முதுகு காட்டி இருக்கும் ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.